மொழி தெரிந்தவன் கடன்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணிதம்)

'அகதி' என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கதியற்றவன் என்று பொருள்படும். அந்தச் சொல்லைத் தாங்கிய பலகைகள் நம் குமரி மாவட்டத்துச் சாலையோரங்களில் நெடுங்காலம் நின்றன. பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறான்விளை ஆகிய இடங்களில் முகாம்கள் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அலை அலையாகக் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்களும், அவர்களுடைய மக்களும், இங்கேயே பிறந்த பேரமக்களும் அவற்றில் வாழ்கின்றனர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை நீக்கி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயரிட்டது. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பலகைக்குப் பின்னால் வளர்கின்ற பதினேழு வயதுப் பையனுக்கு எது கதி என்ற கேள்வி பெயர் மாற்றத்தோடு தீர்ந்துவிடவில்லை.

நம் ஊர்ப்பக்கம் இப்போது இன்னொரு கூட்டமும் வந்திருக்கிறது. குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டம் வரை ரப்பர்த் தோட்டத்தைப் பாருங்கள், கட்டட வேலையைப் பாருங்கள், ஓட்டலில் பரோட்டாக் கல்லின் முன் நிற்பவரைப் பாருங்கள். ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம், வங்காளம் என்று பல மாநிலத்தார். ஆயினும் நம்மவர் வாயில் அவர்கள் எல்லாருக்கும் 'இந்திக்காரன்' என்ற ஒரே பெயர்தான். முதலில் ஆண்கள் மட்டும் வந்தனர். இப்போது சிலர் குடும்பத்தோடு வருகின்றனர். குடும்பம் வந்தால் குழந்தை வரும். குழந்தை வந்தால் பள்ளிக்கூடம் போக வேண்டும். அங்கேதான் இடறுகிறது.

இவ்விரு கூட்டத்துப் பிள்ளைகளோடும் கடந்த எட்டு மாதங்களாகச் சனி, ஞாயிறு மாலைகளில் நானும் நண்பர்கள் மூவரும் உட்கார்ந்து வருகிறோம். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, நம் கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய, செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பற்றி என் கருத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலத்தில் 'மென்டார்' என்கிறார்களே, அது ஹோமரின் ஒடிசி காவியத்தில் வரும் ஒரு மனிதரின் பெயர். போருக்குப் போகும் ஒடிசியஸ் தன் மகனை அவர் பொறுப்பில் விட்டுச் செல்கிறான். தகப்பனுக்குத் தெரியாத ஊரில் பிள்ளைக்கு வழி சொல்ல ஒருவர் வேண்டும் என்பதே இதன் சாரம். நான் அதை வழித்துணை என்று சொல்லிக்கொள்கிறேன். என் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. அம்மா அண்டி ஆபீசில் பருப்பு உடைத்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பவும், எந்தச் சான்றிதழுக்கு எந்த அலுவலகம் என்று சொல்லவும் வீட்டில் ஆளில்லை. தெருவில் என்னைவிட மூன்று வயது மூத்த ஓர் அக்கா இரண்டு நாள் தன் வேலையை விட்டுவிட்டு என்னோடு அலைந்தார். அவர் வரவில்லை என்றால் இந்நேரம் நான் விடியற்காலையில் ஹெட்லைட் கட்டிக்கொண்டு மரம் வெட்டிக்கொண்டிருப்பேன். அது கேவலமான தொழில் அன்று. ஆனால் தேர்ந்தெடுத்துச் செய்வது வேறு, வேறு வழி தெரியாமல் செய்வது வேறு.

சரி, மொழிக்கு வருகிறேன். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பையன். வயது பதினொன்று. அவனிடம் இருந்த வினாத்தாளில் இப்படி ஒரு கணக்கு: '84 மாம்பழங்களை 7 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்குக் கிடைப்பவை எத்தனை?' விடை எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. 'கணக்கில் மிகவும் பின்தங்கியுள்ளான்' என்று அறிக்கை அட்டை சொன்னது. நான் 'பராபர் பாண்ட்னா' என்ற இரண்டு சொற்களை மட்டும் சொன்னேன். அவன் 'ஸாத் பாரே சௌராஸி' என்று ஏழாம் வாய்பாட்டை முணுமுணுத்தான். 12 என்று எழுதினான். கால் நிமிடம்கூட ஆகவில்லை. அவனுக்குக் கணக்கு வந்தது. 'பங்கிட்டால்' என்ற சொல்தான் வரவில்லை. அவனுக்குக் கணக்கு வராது என்று யாராவது நாலு முறை சொல்லியிருந்தால் ஐந்தாம் முறை அவனே அதை நம்பியிருப்பான். கணித மாணவனாகிய எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது.

எழுத்தும் அப்படித்தான். இந்தியில் க என்பதற்கு நான்கு எழுத்துகள். நம்மிடம் ஒன்றுதான். 'கல்' என்பதில் ஒரு ஒலி, 'தங்கம்' என்பதில் ஒரு ஒலி, 'பகல்' என்பதில் இன்னொன்று. 'எந்த இடத்தில் எதைச் சொல்வது?' என்று ஒரு சிறுமி கேட்டாள். சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்தாலும் வன்மை, மெல்லெழுத்தின் பின் வந்தால் மென்மை என்ற விதியை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். தாய்மொழிக்காரனுக்கு இந்த விதி தெரியாமலே தெரிந்திருக்கிறது. வேறு மொழி ஒன்றில் எழுதப் படித்தவனுக்குத்தான் அடுத்தவன் எங்கே தடுக்கி விழுவான் என்று புரிகிறது. பன்மொழி அறிந்தவன் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே.

நம் ஊர்ப் பேச்சு வேறு ஒரு கூத்து. பள்ளிப் புத்தகத்தில் 'தண்ணீர்'. எங்கள் திருவட்டாற்றில் குடிப்பதற்குக் கேட்பது 'வெள்ளம்'. புத்தகத்தில் வெள்ளம் என்றால் ஊரையே அடித்துக்கொண்டு போவது. கோதையாறும் பரளியாறும் வட்டமிடும் ஊரில் இரண்டு பொருளும் பொருத்தமே என்றாலும், ஒடிசாப் பிள்ளைக்கு இதை யார் விளக்குவது? எங்கள் பேச்சில் பாதி மலையாளம் கலந்திருப்பதை நாகர்கோவில் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. இந்த வேலையில் அந்தக் கலப்புத்தான் எனக்குக் கை கொடுத்தது. ஒரு சொல் எல்லை தாண்டும்போது எப்படிப் பொருள் மாறும் என்பது எங்களுக்குச் சிறுவயது முதல் பழக்கம்.

இடையில் ஒரு வேடிக்கை. பிள்ளைகள் என்னைப் 'பையா' என்று அழைப்பார்கள். இந்தியில் அண்ணன். நாங்கள் திண்ணை இரவல் வாங்கியிருக்கும் வீட்டுப் பாட்டிக்கு இது பொறுக்கவில்லை. "காலேஜில படிக்கிற ஆளைப் பையாங்குதானே, மரியாதை படிச்சுக் குடுக்கப்பிடாதா?" என்று அதட்டினார். பொருள் சொன்ன பிறகு இப்போது அவரே என்னைப் 'பையா' என்கிறார். எந்த மொழியில் சொல்கிறார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

'இந்திக்காரன்' என்று ஒரே முத்திரை குத்துவதில் உள்ள அறியாமையையும் சொல்ல வேண்டும். ஜார்க்கண்டிலிருந்து வருவோரில் பலருக்கு இந்தி தாய்மொழியே அன்று. சந்தாலி, முண்டாரி, குடுக் என்று வீட்டு மொழிகள் வேறு. இவற்றுள் ஒராவோன் மக்களின் குடுக் மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பெருமகனார் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண ஆய்வில் இம்மொழியையும் கணக்கில் எடுத்திருக்கிறார். அம்மொழியில் நான் என்பது 'ஏன்'. நீ என்பது 'நீன்'. வாய் என்பது 'பாய்'. கண் என்பது ஏறக்குறைய 'ஃகன்'. அந்தப் பையனுக்கு இந்தியே பள்ளியில் கற்ற இரண்டாம் மொழிதான். தமிழ் மூன்றாவது. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவனின் வீட்டுப் பேச்சில் நம் கண்ணும் வாயும் இருக்கின்றன என்பதைக் கேட்டபோது, 'இந்திக்காரன்' என்று அவனை விளித்த எங்கள் தெருப் பிள்ளைகளே வாயைப் பிளந்தனர்.

"தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கைதானே, உனக்கு இந்தி எங்கிருந்து வந்தது?" என்று வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். சவூதியில் பதினாறு ஆண்டுகள் இருந்து திரும்பிய மாமாவிடமிருந்தும், அப்பாவோடு பால் வெட்டும் தொழிலாளர்களிடமிருந்தும் வந்தது. தேவை வந்தால் மொழி வரும். அதற்குச் சட்டம் போட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அந்த மாமா சொல்வார்: முதல் ஆறு மாதம் கடைக்குப் போய் எதையும் விரலால் சுட்டிக் காட்டித்தான் வாங்குவாராம். ஒரு மலையாளி நண்பர் அரபு எண்களையும் இருபது சொற்களையும் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறார். நம் மாவட்டத்தில் வளைகுடாப் பணத்தில் எழும்பிய வீடுகள் எத்தனை! அந்த வீட்டுப் பிள்ளைகள், அதே வீட்டுக்குச் சிமெண்டு சுமக்கிறவனின் பிள்ளையை அந்நியன் என்பது எப்படி?

வரலாற்றையும் கொஞ்சம் நினைக்கலாம். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. இன்று தனித் தாலுகாவாக உள்ள எங்கள் திருவட்டாறு அன்று கல்குளத்தைச் சேர்ந்தது. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. எதற்காக? வேறு காரணங்களும் உண்டு எனினும், தம் பிள்ளைகளின் பள்ளியிலும் தம் ஊர் அலுவலகத்திலும் தம் மொழி வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. ஆண்டுதோறும் தியாகிகளுக்கு மாலை போடுகிறோம். புரியாத மொழியில் பாடம் கேட்டு விழிக்கும் பிள்ளையின் துயரம் இந்தியாவில் வேறு எவருக்குப் புரியாவிட்டாலும் குமரி மாவட்டத்தாருக்குப் புரிய வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று ஐயுறுவோர் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017இல் 'ரோஷ்னி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் படிக்கும் வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு இந்தி, வங்காளம், ஒடியா முதலிய மொழிகளும் மலையாளமும் தெரிந்த தொண்டர்களை அமர்த்தி, பிள்ளையின் மொழியில் தொடங்கி மெல்ல மெல்ல மலையாளத்துக்குக் கொண்டுவந்தனர். அதே ஆண்டில் பெரும்பாவூரில் வயது வந்த தொழிலாளர்களுக்காகச் 'சங்ஙாதி' திட்டம் தொடங்கியது. அதன் பாடநூலுக்கு 'ஹமாரி மலையாளம்' என்று பெயர். பெயரே இருமொழி! நம் மாநிலத்திலும் தன்னார்வலரை நம்பி 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி இலட்சக்கணக்கானோர் முன்வந்தனர். ஆக, ஆள் கிடைப்பார்கள். அவர்களை மொழி பார்த்து, பிள்ளை பார்த்துப் பொருத்துவதற்குத்தான் ஏற்பாடு இல்லை.

சில நேரங்களில் வழித்துணைக்குப் பாடத்தைவிடக் காகிதம் தெரிந்திருப்பது முக்கியம். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று ஒரு பள்ளியில் ஒரு பெண் பிள்ளையை மூன்று முறை திருப்பி அனுப்பினர். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தெளிவாக இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது; வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும். அந்தப் பிரிவுகளைத் தமிழில் எழுதி, தகப்பனார் கையெழுத்தோடு ஒரு விண்ணப்பமாகக் கொடுத்தோம். சேர்த்துக்கொண்டனர். அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். வேறு வித்தை எதுவும் இல்லை.

முகாம் இளைஞர் கதை இதற்கு நேர்மாறு. அவர்களுக்கு மொழிச் சிக்கல் இல்லை. பாட்டி 'கதைப்பம் வா' என்பார். பேரன் நம் ஊர்த் தமிழே பேசுவான். நன்றாகப் படிப்பவர்கள் பலர். முகாம்களில் படிப்பு பெருகியதற்கு அவர்களே காரணம். 1984இல் சந்திரகாசன் அவர்கள் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்றவற்றின் முயற்சியில் முகாம் இளைஞரே முகாம்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தனர். தந்தை செல்வாவின் மகன் அவர். தமக்குத் தாமே வழித்துணையாக நின்ற மக்கள் இவர்கள். நாம் போய்க் கைதூக்கி விடுவதாகப் பெருமை கொள்ள வேண்டாம். முகாமுக்குள் வெளியார் செல்ல அனுமதி தேவை. அதனால் அவர்களே எங்கள் திண்ணைக்கு வருகின்றனர்.

அவர்களில் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பு. சென்ற டிசம்பரில் கேட்டான்: "அண்ணா, பி.காம். முடிச்ச எங்க அண்ணன் பெயின்ட் அடிக்கத்தான் போறாரு. நானும் பெயின்ட்தான் அடிக்கப் போறேன். இடையில மூணு வருஷம் காலேஜ் எதுக்கு?"

நண்பர்களே, இந்தக் கேள்விக்கு நம் மேடைகளில் ஆயத்தமாக ஒரு பதில் உண்டு. 'படித்தால் உயரலாம் தம்பி.' அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. சட்டம் என்ன சொல்கிறது? 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன் பின் பிறந்தவருக்குப் பெற்றோரைப் பார்ப்பார்கள். 2004 டிசம்பருக்குப் பின் விதி இன்னும் இறுகியது. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை. குடியுரிமை இல்லாதவனுக்கு அரசு வேலையில்லை. பி.காம். படித்த அண்ணன் சுவருக்கு வண்ணம் பூசுவதன் காரணம் அவனுடைய மதிப்பெண் அன்று.

முகாம்வாசிகளில் பலர் நம் நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தோர். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி திரும்பியவர்கள் குடிமக்கள் ஆனார்கள். நம் மாவட்டத்து அரசு ரப்பர்த் தோட்டங்களிலும் அப்படி வந்தோர் உண்டு. என் அப்பாவோடு வேலை செய்தவர்களில் சிலர் அவர்களே. அதே தோட்டத்திலிருந்து சில ஆண்டுகள் கழித்துக் கலவரத்தில் ஓடிவந்தவரோ அகதி. கப்பலில் வந்தவன் குடிமகன், படகில் வந்தவன் அகதி என்றால், இதைப் பதினேழு வயதுப் பையனுக்கு எந்த நியாயத்தில் விளக்குவது?

நான் அவனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அரசுத் தேர்வு இன்றைக்கு உனக்கில்லை. தனியார் நிறுவனக் கணக்கு வேலை உண்டு. அதற்குப் பட்டமும் கணினியும் ஆங்கிலமும் வேண்டும். அண்ணனுக்குப் பட்டம் இருந்தது, மற்ற இரண்டையும் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. கல்வி உதவித்தொகையும் 2021க்குப் பின் உயர்ந்திருக்கிறது. இன்னொன்று, 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் அந்தப் பிறந்த தேதியை வைத்து உயர்நீதிமன்றம் வரை போய், 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார் என்றேன். "நான் 2008 அண்ணா" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரைத் தண்டனை விதிகளிலிருந்து விலக்கியிருக்கிறது. விலக்கு வேறு, குடியுரிமை வேறு என்பதை அவனே எனக்குச் சொன்னான். அவன் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவானா என்பது மே மாதம் தெரியும். ஆங்கிலத்துக்கு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறான்.

நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 1969இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் தனி. இந்த நேரத்தை நாம் எதில் செலவிடுகிறோம்? கோயில் குளத்தில் களை எடுக்கிறோம், பேரணி போகிறோம், மரக்கன்று நடுகிறோம். மறு ஆண்டு அதே குழியில் அதே கன்று. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை; பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க. 240 மணி நேரத்தை ஒரே பிள்ளையோடு உட்காரக் கொடுத்தால் அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புத் தமிழ்த்தாளைத் தாண்டிவிடும் என்பது என் எட்டு மாதக் கணக்கு. இதையும் நலப்பணி நேரமாகக் கணக்கில் எழுத முதல்வர் அவர்கள் ஆவன செய்ய வேண்டும்.

ஆனால் இரண்டு நிபந்தனை. ஆறு மாதமாவது தொடர்ந்து வர முடியாதவர் தொடங்கவே வேண்டாம். ஏற்கெனவே ஊரும் பள்ளியும் பலமுறை மாறிய பிள்ளைகள் இவர்கள்; இன்னொருவர் வந்து போவது அவர்களுக்கு நல்லதன்று. இரண்டாவது, படம் பிடிக்கக் கூடாது. முகாம்ப் பிள்ளையின் முகம் பத்திரிகையிலோ கைபேசியிலோ வருவதை அவர்கள் வீட்டார் விரும்புவதில்லை. அதற்கு அவர்களிடம் காரணங்கள் உண்டு.

வரும் ஜூன் முதல் சனிக்கிழமை மாலை நாலு மணிக்குத் திருவட்டாறு பேருந்து நிறுத்தத்தில் நிற்போம். பெயர் கொடுக்க விரும்புவோர் கணிதத் துறையில் என்னைக் கேட்கலாம். தமிழும் மலையாளமும் போதும். இந்தி எழுத்துக் கூட்டத் தெரிந்தால் நல்லது. வங்காளத்துக்கு ஓர் ஓட்டல் தொழிலாளி உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். ஒடியா தெரிந்தவர் நம் கல்லூரியில் ஒருவரும் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால் அவர் ஜூன் வரை காத்திராமல் இந்தச் சனிக்கிழமையே வரலாம்.